மொட்டைக் கடிதத்துக்கு முன்: வேலையிடத்தில் தவறைக் கண்டவர் செய்ய வேண்டியவை

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அந்தப் பதிவேட்டைத் திறந்தேன். வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்குமான வெப்பநிலை அதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. காலை 4.1, மதியம் 4.0, மாலை 4.2. மருந்து வைக்கும் குளிர் அறையின் பதிவேடு அது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய கை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அந்த அறையில் எவ்வளவு குளிர் இருக்கும் என்பது யாருக்கோ முன்கூட்டியே தெரிந்திருந்தது.

நான் வேலையில் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேற்பார்வையாளரின் மேஜைக்கு நேரே போனேன். அங்கே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். "சார், இது மோசடி" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தம்பி, நீ இங்கே வந்து எத்தனை நாள் ஆகிறது?" என்று மட்டும் கேட்டார். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். மாலைக்குள் அந்தப் பதிவேடு காணாமல் போய், அதே மாதத்துக்குப் புதிதாக ஒன்று வந்துவிட்டது. என்னிடம் ஒரு குறிப்பும் இல்லை, ஒரு சாட்சியும் இல்லை. மூன்று மாதம் கழித்து, பதிவேடே இல்லாத ஒரு கிடங்குக்கு என்னை மாற்றினார்கள்.

அன்று என்னிடம் துணிச்சலுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கைப்பழக்கத்துக்குத்தான். அதிகாரத்தில் இருப்பவரிடம் அவர் கேட்க விரும்பாததைச் சொல்வதற்குத் தமிழில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது: இடித்துரைத்தல். சொல் மிகப் பழையது. ஆனால் அதை எப்படிச் செய்வது என்று எந்த அலுவலகத்திலும் முதல் நாள் யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைப் படிப்படியாகக் கீழே எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. உயிர் போகும் ஆபத்து கண்முன் இருந்தால் இந்தப் படிகள் எதுவும் வேண்டாம். இயந்திரத்தை நிறுத்துங்கள், கத்துங்கள், உதவிக்கு அழையுங்கள். குறிப்பெழுதுவது பிறகு. 1968 மார்ச் 16 அன்று வியட்நாமின் மை லாய் கிராமத்தில் தன் நாட்டுப் படையினரே பொதுமக்களைச் சுட்டுக்கொண்டிருந்ததை அமெரிக்க ஹெலிகாப்டர் விமானி ஹியூ தாம்சன் வானிலிருந்து பார்த்தார். படையினருக்கும் ஊர்மக்களுக்கும் நடுவே ஹெலிகாப்டரை இறக்கினார். அன்று செய்ததற்காக ராணுவம் அவரை முறையாகக் கௌரவித்தது 1998-இல். நம்மில் பெரும்பாலோருக்கு அப்படிப்பட்ட நாள் வாய்ப்பதில்லை. நமக்கு வாய்ப்பது 4.1, 4.0, 4.2 என்று எழுதியிருக்கும் நாள். இந்தக் கட்டுரை அந்த நாளுக்கானது.

படி 1: அன்றே எழுதிவையுங்கள்

கண்டது, கேட்டது, ஊகித்தது ஆகிய மூன்றும் தலைக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். எழுதும்போது அவற்றைப் பிரித்தாக வேண்டும். "பதிவேட்டில் மோசடி நடக்கிறது" என்பது ஊகம். "வியாழன் காலை 11 மணி. குளிர் அறைப் பதிவேடு, பக்கம் 37. வெள்ளி, சனி இரண்டு நாள்களுக்கும் மூன்று வேளை அளவும் நிரப்பப்பட்டிருந்தது. அறையில் என்னுடன் இருந்தவர் இன்னார்" என்பது கண்டது. "மாதம் முழுவதும் இப்படித்தான் என்று கிடங்குக்காரர் சொன்னார்" என்பது கேட்டது. ஊகத்தை எழுதக் கூடாது என்பதில்லை. 'என் ஊகம்' என்று தலைப்பிட்டுத் தனியாக எழுதுங்கள்.

தைத்த நோட்டுப் புத்தகம் நல்லது. தாளைச் செருகவோ உருவவோ முடியாது. பக்கத்துக்கு எண் போடுங்கள், நாள் போடுங்கள், இடைவெளி விடாதீர்கள். அதை வீட்டில் வையுங்கள். அலுவலகக் கணினியில் எழுதும் எதுவும் அலுவலகத்துடையது. நாளை உங்கள் கணக்கை முடக்கினால் குறிப்பும் அதோடு போய்விடும்.

புதியவர்கள் அவசரத்தில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஆவணங்களை அள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். உங்கள் வேலைக்கு அனுமதிக்கப்படாத கோப்பைத் திறந்தாலோ நகலெடுத்தாலோ, அடுத்த நாள் விசாரணை உங்கள் மீதுதான் நடக்கும். உண்மையான தவறு ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். பெரும்பாலும் ஆவணத்தின் எண், நாள், அது இருக்கும் அலமாரி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். தேட வேண்டிய இடம் தெரிந்தால் தணிக்கையாளர் போய் எடுத்துக்கொள்வார்.

பாண்டியன் அவையில் கண்ணகி செய்ததை இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்கள். கணவன் கள்வன் அல்லன் என்று கதறியதோடு அவள் நிற்கவில்லை. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். தன்னுடைய சிலம்பில் இருப்பது முத்து என்று அரசன் தன் வாயாலேயே சொன்னான். இரண்டும் அவையில் பதிவான பிறகுதான் சிலம்பு உடைந்தது. எதிரில் இருப்பவர் தானே ஒரு நிமிடத்தில் சோதித்துவிடக்கூடிய ஒரே ஒரு செய்தியை அவள் கையில் வைத்திருந்தாள். உங்கள் குறிப்பிலும் அப்படி ஒரு சிலம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். என் பதிவேட்டில் இருந்தது. வியாழக்கிழமையே யாராவது இன்னொருவரை அழைத்து அந்தப் பக்கத்தைக் காட்டியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை. நான் அதைத் தூக்கிக்கொண்டு போய் மேற்பார்வையாளரிடமே ஒப்படைத்துவிட்டேன்.

படி 2: உங்கள் பங்கு எவ்வளவு என்று அளந்துகொள்ளுங்கள்

மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்பது பொறுப்பைத் தீர்த்துவிடாது. அதே சமயம், ஒரு நிறுவனத்தின் பாவம் முழுவதையும் கடைநிலை ஊழியர் தன் தலையில் ஏற்றிக்கொள்வதும் சரியில்லை. நடுவில் எங்கோ உங்கள் இடம் இருக்கிறது.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அடுத்த அறையில் இருப்பவர் தவறாக விடை சொல்லும்போதெல்லாம் அவருக்கு மின் அதிர்ச்சி கொடுக்கச் சொல்வார்கள். அதிர்ச்சி பொய், ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. பரவலாகத் தெரிந்த வடிவத்தில் 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். அதிகம் பேசப்படாத வேறொரு வடிவம்தான் எனக்கு நடுக்கம் தருகிறது. அதில் சுவிட்சை வேறொருவர் அழுத்துவார். சோதிக்கப்படுகிறவருக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு துணை வேலை மட்டும். 40 பேரில் 37 பேர் கடைசிவரை உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார்கள். தன் கை சுவிட்சில் இல்லை என்றதும் மனசாட்சி ஓய்வெடுத்துக்கொண்டது.

நவீன அலுவலகம் என்பதே ஏறக்குறைய அந்த மேஜைதான். ஒருவர் தட்டச்சு செய்கிறார், ஒருவர் சரிபார்க்கிறார், ஒருவர் அனுப்புகிறார். சுவிட்சை யார் அழுத்தினார் என்று கேட்டால் எல்லாரும் அடுத்த மேஜையைக் காட்டுவார்கள். எனவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது இதுதான்: நான் என் பங்கைச் செய்யாவிட்டால் இந்தத் தவறு நின்றுபோகுமா, அல்லது குறைந்தது தடுமாறுமா? ஆம் என்றால் உங்கள் பொறுப்பு பெரியது, பதவி சிறியதாக இருந்தாலும். இல்லை, எனக்குத் தெரியவந்தது அவ்வளவுதான் என்றால், தெரிந்ததை உரிய இடத்தில் சேர்ப்பதோடு உங்கள் கடமை முடிகிறது. யாருக்கு எவ்வளவு அதிகாரமோ அவ்வளவு பொறுப்பு என்பது என் கணக்கு. ஒரு கையெழுத்தால் நிறுத்தக்கூடியவர் சும்மா இருப்பதையும், வேலை போனால் நடுத்தெரு என்ற நிலையில் இருப்பவர் சும்மா இருப்பதையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

நீங்களே ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால்? பலர் வாயடைத்துப் போவது இங்கேதான். தானும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. எனவே முதலில் வழக்கறிஞரிடம் பேசுங்கள். ஆனால் தாமதிக்காதீர்கள். ஒரு பொய்க் கையெழுத்து என்பது பிழை என்று சொல்லிக்கொள்ளலாம், இருபதாவதை அப்படிச் சொல்ல முடியாது. 1978-இல் நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தை வடிவமைத்த பொறியாளர் வில்லியம் லெமெஷரியர், தான் கட்டிய கட்டடமே சாய்வாக வீசும் புயல்காற்றைத் தாங்காது என்று கண்டறிந்தார். தானே போய் உரிமையாளர்களிடம் சொன்னார். இரவோடு இரவாக இணைப்புகளின் மீது எஃகுத் தகடுகள் பற்றவைக்கப்பட்டன. பாராட்டத்தக்கதுதான். ஆனால் உள்ளே வேலை பார்த்தவர்களுக்கும் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் இந்த விஷயம் 1995 வரை சொல்லப்படவே இல்லை என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்வேன். உரிமையாளரிடம் சொன்னதோடு பாதி வேலைதான் முடிந்திருந்தது.

படி 3: முதலில் கேள்வியாகக் கேளுங்கள்

"இது மோசடி" என்று நான் ஆரம்பித்ததால் மேற்பார்வையாளருக்கு இரண்டே வழிதான் இருந்தது: குற்றத்தை ஒப்புக்கொள்வது, அல்லது என்னை மட்டம் தட்டுவது. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யாரும் முதல் வழியில் போக மாட்டார்கள்.

தனியாகப் போய், "சார், எனக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை அளவை வியாழனே எழுதுவது எப்படி?" என்று கேட்டிருக்கலாம். புதியவராக இருப்பதன் ஒரே லாபம், அறியாமையைக் காட்டிக் கேட்கலாம் என்பது. அந்தச் சலுகை ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும், இருக்கும்போதே பயன்படுத்துங்கள். சில நேரம் நிஜமாகவே ஒரு விளக்கம் இருக்கும். நாம் தவறு என்று நினைத்தது வேறொரு விதிப்படி சரியாக இருக்கும். அப்போது தப்பித்தது நீங்கள்தான்.

விளக்கம் வழவழ கொழகொழ என்று இருந்தால் அதை எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். "இன்று காலை பேசியபடி, இனி இரண்டு நாள் அளவுகளை முன்கூட்டியே நிரப்ப வேண்டும் என்று சொன்னீர்கள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று உறுதிப்படுத்தக் கேட்டுக்கொள்கிறேன்." இவ்வளவுதான் கடிதம். குற்றச்சாட்டு ஒன்றுகூட இல்லை. ஆனால் வாய்மொழி உத்தரவு கொடுப்பவர்களுக்கு இந்த இரண்டு வரியைப் போல வெறுப்பானது வேறில்லை. பாதிப் பேர் இதைப் பார்த்ததும் உத்தரவையே திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். பதில் வராவிட்டாலும், நீங்கள் கேட்ட நாள் பதிவாகிவிட்டது.

படி 4: இரண்டாவது ஆளைத் தேடுங்கள்

தனி மரம் தோப்பாகாது என்பதை ஆய்வுக்கூடத்தில் நிரூபித்தும் இருக்கிறார்கள். மேலே சொன்ன மில்கிராமின் இன்னொரு வடிவத்தில், பக்கத்தில் இருந்த இருவர் நடுவிலேயே எழுந்து "முடியாது" என்று விலகினார்கள். அப்போது கடைசிவரை போனவர்கள் 40-க்கு 4 பேர்தான். 26 எங்கே, 4 எங்கே! 1968-இல் ஜான் டார்லியும் பிப் லாட்டானேயும் வெளியிட்ட சோதனை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. ஒருவர் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதத்தினர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டுகொள்ளாமல் இருக்கும்படி முன்பே சொல்லிவைக்கப்பட்ட இருவர் கூட இருந்தபோது 10 சதவீதத்தினரே சொன்னார்கள். மற்றவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு படிவத்தை நிரப்பினார்கள்.

ஆக, அலுவலகத்தில் எல்லாரும் அமைதியாக இருப்பது எல்லாம் சரியாக இருப்பதற்கு அடையாளம் அல்ல. பக்கத்து மேஜைக்காரர் உங்களைப் பார்த்து அமைதியாக இருக்கிறார், நீங்கள் அவரைப் பார்த்து.

ஆளைத் தேடும்போது அவசரம் வேண்டாம். முழுக் கதையையும் கொட்டாதீர்கள். "அந்தப் பதிவேட்டை நீங்கள் எப்போதாவது புரட்டியிருக்கிறீர்களா?" என்ற அளவில் கேட்டு, அவர் முகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தேநீர் நேரத்தில் நிர்வாகத்தை ஊருக்குக் கேட்கத் திட்டுகிறவர் பெரும்பாலும் இதற்கு உதவ மாட்டார். என் அனுபவத்தில் உதவுகிறவர் வாயே திறக்காத கணக்குப்பிள்ளையாக இருப்பார். 2002-இல் வேர்ல்ட்காம் என்ற அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் உள் தணிக்கையாளர் சிந்தியா கூப்பர் தனியாளாக இறங்கவில்லை. அவரும் அவருடைய சிறு குழுவும் இரவு நேரங்களில் ரகசியமாகக் கணக்குகளைத் துருவினார்கள். செலவை முதலீடாகக் காட்டி மறைத்த 380 கோடி டாலர் முதல் கட்டத்திலேயே வெளியே வந்தது.

படி 5: உங்கள் கையெழுத்தின் விலையை அறிந்திருங்கள்

கீழே இருப்பவரிடம் உள்ள பெரிய அதிகாரம், போடாத கையெழுத்து. சேலஞ்சர் என்ற அமெரிக்க விண்கலத்தின் கதையில் இது துல்லியமாகத் தெரியும்.

விண்கலத்தின் பூஸ்டர் ராக்கெட்டுகளைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தில் ரோஜர் பாய்ஸ்ஜோலி பொறியாளர். இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் தோற்றால் உயிர்கள் போகும் என்று 1985 ஜூலை 31 அன்றே நிர்வாகத்துக்கு எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு, ஏவுதலுக்கு முந்தைய நாள், தொலைபேசியில் நீண்ட கூட்டம் நடந்தது. மறுநாள் கடும் குளிர் என்று வானிலை சொன்னது. குளிரில் வளையம் இறுகிப்போகும், ஏவாதீர்கள் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். அப்போது பேச்சின் திசை மெல்லத் திரும்பியது. வழக்கமாக "பாதுகாப்பு என்று நிரூபி" என்று கேட்பவர்கள், அன்று "தோற்கும் என்று நிரூபி" என்று கேட்டார்கள். பொறியியல் பிரிவின் தலைவரிடம் அவருடைய மேலதிகாரி, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். அவர் போட்டுக்கொண்டார்.

ஏவுதளத்தில் இருந்த நிறுவனப் பிரதிநிதி ஆலன் மெக்டொனால்டு சம்மதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் தலைமையகத்திலிருந்து போட்டு அனுப்பினார். மறுநாள் விண்கலம் கிளம்பி 73 வினாடிகளில் சிதறியது; ஏழு பேர் இறந்தார்கள். மெக்டொனால்டால் அதைத் தடுக்க முடியவில்லை என்பது உண்மை. ஆனால் விசாரணைக் குழுவின் முன் நடந்ததைச் சொன்னபோது, போடாத அந்தக் கையெழுத்து அவருடைய வார்த்தைக்கு எடை கொடுத்தது. நிறுவனம் அவரைப் பதவியிறக்கியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பியதும் அவரைத் திரும்ப ஏற்றி, அந்த இணைப்புகளை மறுவடிவமைக்கும் பொறுப்பையே கொடுத்தது.

இதிலிருந்து புதியவர் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று: நிரூபிக்கும் சுமை எப்போது உங்கள் தோளுக்கு மாறுகிறது என்று கவனியுங்கள். அந்த நொடியில் சத்தம் போடாமல், "கேள்வி மாறிவிட்டது, இதைக் கூட்டக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்" என்று சொல்லிவிடலாம். கையெழுத்தை மறுப்பதையும் அப்படியே செய்யலாம்: "நான் நேரில் பார்க்காத அளவுக்குக் கையெழுத்துப் போட இயலாது. பார்த்ததும் போடுகிறேன்." கோபம் வேண்டாம், சொற்பொழிவும் வேண்டாம்.

படி 6: யாரிடம் கொண்டுபோவது

பொதுவாக நேர் மேலதிகாரி. அவரே தவறில் இருந்தால் அவருக்கு மேலே. அல்லது தணிக்கை, சட்டப் பிரிவு, புகார் பிரிவு. மனிதவளத் துறை உங்கள் நண்பன் என்று நம்பிவிடாதீர்கள். நல்லவர்கள் அங்கே இருப்பார்கள். ஆனால் அந்தத் துறை நிறுவனத்துக்காக இருக்கிறது.

இன்னாரிடம் சொன்னேன் என்பதைவிட, இன்னார் யாரிடம் விசாரிக்கக் கொடுத்தார் என்பது முக்கியம். என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்தில் ஷெரான் வாட்கின்ஸ் 2001 ஆகஸ்டில் கணக்கு மோசடி பற்றித் தலைவர் கென்னத் லேயிடமே நேரில் சொன்னார். விசாரணை நிறுவனத்தின் பழைய சட்ட ஆலோசகர்களிடமே போனது. அவர் சந்தேகப்பட்ட பரிவர்த்தனைகளில் ஆலோசனை சொன்னவர்கள் அவர்கள். அவரை வேலையை விட்டு நீக்கினால் என்ன ஆகும் என்றும் வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அதே டிசம்பரில் நிறுவனம் திவாலானது.

அனுப்பாத கடிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் கிளம்பும்போது அதன் இறக்கையில் ஏதோ மோதியது மறுநாளே படப்பதிவில் தெரிந்தது. நாசாவின் பொறியாளர் ராட்னி ரோச்சா, சேதத்தைப் படம்பிடித்துப் பார்க்க வேண்டும் என்று பலமுறை கேட்டார், மறுக்கப்பட்டது. கடுமையாக ஒரு மின்னஞ்சலைத் தட்டச்சு செய்தார். அச்சிட்டுச் சக ஊழியருக்குக் காட்டினார். அனுப்பவில்லை. தனக்கு மேலே இருப்பவர்களைத் தாண்டிப் போக அவருக்கு மனம் வரவில்லை. பிப்ரவரி 1 அன்று விண்கலம் ஏழு பேருடன் சிதறியது. அனுப்பியிருந்தாலும் என்ன நடந்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வரைவைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், என் வரைவுகளையும் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

புகார் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். என்ன கண்டேன், எப்போது, யாருக்கு என்ன தீங்கு வரலாம், என்ன செய்யக் கேட்கிறேன். அடைமொழிகளை எல்லாம் வெட்டிவிடுங்கள். 'அப்பட்டமான', 'வெட்கக்கேடான' என்பவை படிப்பவரின் கவனத்தை உங்கள் கோபத்தின் பக்கம் திருப்பிவிடும். ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

படி 7: பெயர் போட்டா, போடாமலா

மொட்டைக் கடிதத்துக்கு நம்மிடையே நல்ல பெயர் இல்லை. பொறாமைக்காரர்கள் அந்தப் பெயரைக் கெடுத்துவைத்திருக்கிறார்கள். ஆனால் பாதுகாப்பே இல்லாத இடத்தில் அது நியாயமான வழிதான். பெயர் இல்லாத கடிதத்தில் செய்தி மட்டுமே பேச வேண்டும் என்பதால், சோதிக்கக்கூடிய விவரம் இரட்டிப்பாக இருக்க வேண்டும்.

பெயரை எழுதி 'ரகசியமாக வையுங்கள்' என்று கேட்பது வேறு, பெயரே எழுதாமல் இருப்பது வேறு. இந்தியாவின் தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த சத்யேந்திர துபே, முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு 2002-இல் எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கவும் கேட்டிருந்தார். கடிதம் அவருடைய அடையாளத்தோடு அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பரில் அவர் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். வழிப்பறியில் நடந்த கொலை என்று வழக்கு முடிந்தது. கொலைக்குக் காரணம் எதுவாக இருந்தாலும், ரகசியம் காக்கப்படவில்லை என்பது மாறாது. ரகசியம் என்பது பெறுகிறவரின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. அதை நீங்கள் சோதித்துப் பார்க்க முடியாது.

பெயரை மறைத்தாலும் தடம் மறையாது. 2017-இல் அமெரிக்காவில் ஒரு ரகசிய ஆவணம் பத்திரிகைக்குப் போனபோது, அதை அச்சிட்டவர்கள் ஆறே பேர் என்று உள் பதிவுகள் காட்டின. அவர்களில் ஒருவர் அலுவலகக் கணினியிலிருந்தே அந்தப் பத்திரிகைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். கண்டுபிடிக்க வேறென்ன வேண்டும்? அலுவலக அச்சுப்பொறி, அலுவலகத் தொலைபேசி, அலுவலக இணையம் மூன்றையும் தொடாதீர்கள். நீங்கள் மட்டுமே அறிந்த ஒரு விவரத்தை எழுதினால், அதுவே உங்கள் கையெழுத்து.

படி 8: அடி எங்கிருந்து வரும்

புதியவர்கள் பணிநீக்கத்தை மட்டும் எதிர்பார்க்கிறார்கள். அது அபூர்வம், அதற்குக் காகிதம் வேண்டும். முதலில் வருவது ஓரங்கட்டல். கூட்டத்துக்கு அழைப்பு வராது. தேநீருக்குக் கூப்பிட மாட்டார்கள். வழக்கமாக நன்றாக இருக்கும் ஆண்டு மதிப்பீட்டில் "குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்று ஒரு வரி முளைக்கும். இடமாற்றம் வரும். உங்கள் பழைய பிழைகளை யாரோ தூசி தட்டி எடுப்பார்கள். 'காட்டிக்கொடுப்பவர்' என்ற பட்டம் வரும். அதைத் தவறு செய்தவர் தருவதில்லை, நேற்று வரை உங்களோடு சாப்பிட்டவர் தருவார். மிகவும் வலிப்பது அதுதான்.

எனவே புகாருக்கு முன்பே பழைய மதிப்பீடுகள், பாராட்டுக் கடிதங்கள், நியமன ஆணை ஆகியவற்றின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சில மாதச் செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் சொல்லிவிடுங்கள், அவர்களும் இதில் சம்பளம் இழப்பவர்கள்தான், கேட்காமல் அவர்கள் தலையில் கட்டக் கூடாது. உங்கள் வேலையை முன்னைவிட நேரத்துக்குச் செய்யுங்கள், ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது. நடப்பதை எல்லாம் அதே நோட்டில் எழுதுங்கள்.

இதையெல்லாம் கணக்கிட்டுப் பார்த்து "இப்போது என்னால் முடியாது" என்று ஒருவர் முடிவெடுத்தால், நான் அவரைக் கோழை என்று சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்பேன்: குறிப்பை எழுதிவையுங்கள், பொய்க் கையெழுத்துப் போடாதீர்கள், இன்னொருவர் வாய் திறக்கும்போது சிரிக்காதீர்கள்.

படி 9: வெளியே போவது

உள்ளே கதவுகள் எல்லாம் மூடிய பிறகு, அல்லது உள்ளே சொன்னால் ஆதாரம் அழிந்துவிடும் என்று தெரிந்த பிறகு, ஒழுங்குமுறை அமைப்பு, காவல்துறை, நீதிமன்றம், பத்திரிகை. இதற்கு முன் வழக்கறிஞரைப் பார்ப்பது கட்டாயம், ஏனென்றால் சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்காவில் 1863-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, அரசை ஏமாற்றியவர்களிடமிருந்து மீட்ட பணத்தில் தகவல் சொன்னவருக்குப் பங்கே கொடுக்கிறது. பிரிட்டனில் 1998-இல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி உள் புகாருக்கு ஏழு நாளில் ஒப்புகை தர வேண்டும். அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் என்ன செய்தோம் என்று பதில் தர வேண்டும். இந்தியாவில் 2014-இல் ஒரு சட்டம் நிறைவேறி, பல ஆண்டுகள் நடைமுறைக்கு வராமல் கிடந்தது. பெரும்பாலான சட்டங்கள் 'யாரிடம் சொன்னீர்கள்' என்பதைப் பார்த்தே பாதுகாப்புத் தருகின்றன. தவறான வாசலில் சொன்னால் சரியான செய்திக்கும் பாதுகாப்பு இல்லாமல் போகலாம்.

பொறுமையும் வேண்டும். அமெரிக்காவின் டஸ்கீகியில் சிபிலிஸ் நோயுள்ள கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் 1932 முதல் வெறுமனே கவனித்துக்கொண்டிருந்தார்கள். சுகாதாரத் துறை ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் 1966-இல் உள்ளே எதிர்ப்புத் தெரிவித்தார், கேட்கவில்லை. 1972-இல் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது நின்றது. ஆறு ஆண்டு. பிறர் பணத்தை முதலீடு செய்வதாகச் சொல்லி ஏமாற்றிய அமெரிக்கர் பெர்னார்ட் மேடாஃபின் கணக்குகள் கணிதப்படி சாத்தியமே இல்லை என்று நிதி ஆய்வாளர் ஹாரி மார்க்கபோலஸ் 2000 முதல் பங்குச்சந்தை ஆணையத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். 2008-இல் மேடாஃப் பிடிபட்டது ஆணையத்தின் விழிப்பால் அல்ல, பணம் தீர்ந்துபோனதால்.

நாற்காலியில் இருப்பவருக்கு

இந்தப் பகுதி புதியவர்களுக்கு உடனே தேவைப்படாது. ஆனால் ஒருநாள் உங்களுக்குக் கீழேயும் ஒருவர் வேலைக்குச் சேருவார்.

உங்கள் மேஜைக்கு யாராவது தயங்கித் தயங்கி வந்து நின்றால், அவர் ஏற்கெனவே மூன்று இரவு தூங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது என்பதை விட்டுவிட்டு என்ன சொன்னது என்பதைப் பிடியுங்கள். முன்னால் பத்துப் பேர் இருந்தால் அவர்களை அனுப்பிவிடுங்கள். எப்போது பதில் சொல்வீர்கள் என்று ஒரு நாளைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். அந்த நாளில் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிட்டு, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

எளிதான வேலை இல்லை. சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு இடத்தில், என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் சாயங்காலம் வந்து நின்றார். நாங்கள் அனுப்பியிருந்த ஓர் அறிக்கையில் ஒரு அளவு தவறு என்றார். அந்த அறிக்கையில் என் கையெழுத்து இருந்தது. "நீங்கள் இங்கே வந்து எத்தனை..." என்று என் வாய் பாதி சொல்லிவிட்டது. அப்படியே நிறுத்திக்கொண்டு, நாற்காலியைக் காட்டினேன். "உட்காருங்கள். எந்தப் பக்கம்?" என்றேன். அவர் கைப்பையிலிருந்து தைத்த நோட்டு ஒன்றை எடுத்தார். பக்க எண் போட்டிருந்தார்.